மூன்றாம் வகைச் சப்பாத்து

கமலராணி அக்கா பனிமலைக்குச் சமைக்கப் போன கதையை, பாரிசில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் பலர் பல விதமாகச் சொல்கிறார்கள். ஒரு கடையில் அவர் வட துருவத்துக்குப் போய் வந்தவர். இன்னொரு கடையில் பிரெஞ்சு இராணுவமே வந்து அவரை ஹெலிகொப்டரில் ஏற்றிக்கொண்டு போனது. நான் சொல்வது அவர் என் மேசைக்கு முன்னால் இருந்து சொன்னதும், அவர் கொண்டுவந்து காட்டிய கடிதங்களில் நான் வாசித்ததும் மட்டுமே. ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஒரு போன் கடையின் பின்பக்கம் எனக்கு ஒரு மேசை இருக்கிறது. எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும், அரசாங்கக் கடிதங்களை வாசித்து அர்த்தம் சொல்வதும் என் தொழில். ஆகவே இந்தக் கதையின் முதல் பிழை என்னுடையது என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அளவெட்டியில் பிறந்து 1999இல் பாரிஸ் வந்தவர். வந்த மூன்றாம் வாரம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கினார். பிறகு மரக்கறி வெட்டினார், பிறகு சூப் வைத்தார், கடைசியில் ஒரு பெரிய கம்பனியின் கான்தினில் தினமும் எண்ணூறு பேருக்குச் சமைக்கும் குழுவில் இரண்டாம் ஆளாக வந்து நின்றார். அவருடைய பிரெஞ்சு முழுக்கக் குசினியில் படித்தது. அதனால் அதில் கட்டளை வாக்கியங்கள் மட்டுமே இருந்தன. வழி விடு, பின்னால் சுடுபானை வருகிறது, இதை எறி, அதைக் கழுவு. டொக்டரிடம் போனாலும் அதே பிரெஞ்சுதான். டொக்டர்கள் சொன்னபடி செய்தார்கள்.

கணவர் ஏரம்பமூர்த்தி அண்ணை ருவாசி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வண்டி ஓட்டுகிறவர். வீடு பக்கத்து ஊரான கூசேன்வில்லில். நல்ல மனிதர், ஆனால் உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் அந்தக் கான்தினைத் திருத்த வேலைக்காகக் குளிர்காலம் முழுக்க மூடினார்கள். அக்காவைத் தற்காலிக வேலைக்கு அனுப்பும் முகவர் நிலையத்திலிருந்து ஒரு பெண் போன் எடுத்தாள். அல்ப்ஸ் மலையில் பனியை ஆராய்கிற முகாம் ஒன்று இருக்கிறது, ஜனவரியிலிருந்து மார்ச் முடியும்வரை பாதை இருக்காது, ஏழு பேருக்குச் சமைக்க ஆள் வேண்டும் என்றாள். எண்ணூறு பேருக்குச் சமைத்தவருக்கு ஏழு பேர் என்றது சுற்றுலா போலக் கேட்டது. ஓம் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டில் சொன்னார்.

"நீர் என்ன விளையாடுறீரோ?" என்றார் அண்ணை. "அது மலையப்பா. மூவாயிரம் மீற்றர். குளிர் எண்டால் என்ன எண்டு உமக்குத் தெரியுமோ? நான் ருவாசியில மைனஸ் ஒன்பதில நிண்டனான்."

"நிண்டனீங்களோ, வண்டிக்குள்ளை இருந்தனீங்களோ?"

"கதவு திறந்திருந்தது" என்றார் அண்ணை.

இரண்டு நாள் கழித்து அக்கா வேலை ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஒப்பந்தம் மூன்று பக்கம். அதோடு ஒரு பாதுகாப்புக் கையேடு, எண்பத்து நாலு பக்கம். மூன்று பக்கத்தையும் ஒழுங்காக வாசித்தேன். கையேட்டின் பக்கங்களை மட்டும் தட்டிப் பார்த்தேன். படங்கள் அழகாக இருந்தன.

"எல்லாம் சரி அக்கா, கையெழுத்து வையுங்கோ" என்றேன்.

முப்பத்தோராம் பக்கத்தை நான் பார்க்கவில்லை.

அதன் பிறகு லா சப்பல் முழுவதும் அவரை மலைக்குத் தயார்ப்படுத்தியது. தில்லையம்பலம் அண்ணையின் கடையில் சேலை, சூட்கேஸ், குளிர்ச்சட்டை மூன்றும் ஒரே கம்பியில் தொங்கும். அவர் ஒரு நீலச் சட்டையை இறக்கி உதறினார். "இது நோர்வேக்காரன் போடுறது தங்கச்சி. உள்ளுக்கை வாத்து இறகு. இதைப் போட்டுக்கொண்டு பனிக்குள்ளை படுத்து நித்திரை கொள்ளலாம்." கடையில் நின்ற எல்லாருக்கும் அபிப்பிராயம் இருந்தது. நல்லெண்ணெய் பூசிக்கொண்டு போகச் சொன்னார் ஒருவர். சட்டைக்குள் பேப்பர் மடித்து வைக்கச் சொன்னார் இன்னொருவர். பாரிசில் இருபது வருடமாக மெத்ரோவை விட்டு மேலே ஏறாத ஒருவர், மலையில் முக்கியம் மூச்சுத்தான் என்று மூச்சு விட்டுக் காட்டினார். ஏரம்பமூர்த்தி அண்ணை தன் பங்குக்கு விமான நிலையத்தில் கொடுத்த மஞ்சள் மேற்சட்டையையும், முன்பக்கம் இரும்பு வைத்த தன் வேலைச் சப்பாத்தையும் கொடுத்தார். சப்பாத்து அளவு நாற்பத்திரண்டு. அக்காவின் கால் முப்பத்தாறு.

"மூண்டு சொக்ஸ் போட்டால் சரியா இருக்கும்" என்றார். "இதைப் போட்டுக்கொண்டு நிண்டால் விமானமே வழி விடும்."

ஜனவரி எட்டாம் திகதி அக்கா ரயிலில் போய், பஸ்ஸில் ஏறி, கடைசியில் ஹெலியில் ஏறி, ஒரு வெள்ளை வெளியில் இறங்கினார். நாலு மரக் குடில்கள், ஒரு மின்பிறப்பாக்கிக் கொட்டகை, ஒரு உணவுக் களஞ்சியம். குடிலுக்குக் குடில் இடுப்புயரத்தில் கயிறு கட்டியிருந்தது. புயல் வந்தால் ஒருவரும் ஒன்றையும் பார்க்க முடியாது, கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். சுற்றிவரப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் சிவப்புக் கொடிகள் பனியில் குத்தி நின்றன.

முகாம் பொறுப்பாளர் ஒலிவியே நெட்டையான, மரியாதையான மனிதர். வந்த அன்றே எல்லாருக்கும் உடுப்புப் பங்கிட்டார். ஆய்வாளர்கள் ஐந்து பேர், ஒலிவியேயும் அதில் ஒருவர். அவர்கள் வெளியே வேலை செய்கிறவர்கள், முதலாம் வகை. அவர்களுக்கு மைனஸ் நாற்பது தாங்கும் இறகு அங்கி, உள்ளே கழற்றி உலர்த்தக்கூடிய கம்பளிச் சப்பாத்து வைத்த இரட்டைச் சப்பாத்து, மூன்று சோடிக் கையுறை, பனிக்கண்ணாடி, பனிச்சரிவில் புதைந்தால் ஆளைத் தேடிப் பிடிக்கும் கருவி. மின்பிறப்பாக்கியைப் பார்த்துக்கொள்ளும் பஸ்கால் பாதி நேரம் உள்ளே, பாதி நேரம் வெளியே. அவர் இரண்டாம் வகை. அவருக்கு அதே சாமான்கள், ஆனால் கையுறை இரண்டு சோடி. சமையல்காரர் மூன்றாம் வகை. அக்காவுக்குக் கொடுக்கப்பட்டவை: வெள்ளைக் குசினிச் சப்பாத்து இரண்டு சோடி, ஏப்ரன் நாலு, தலைமுடி வலை ஐம்பது, நிறுவனத்தின் சின்னம் பொறித்த கையில்லாத கம்பளிச் சட்டை ஒன்று.

"உங்கள் வேலை உள்ளே, மடம்" என்றார் ஒலிவியே. "உள்ளே எப்போதும் பதினெட்டுப் பாகை. நீங்கள்தான் இங்கே அதிர்ஷ்டசாலி."

குசினி உண்மையிலேயே நல்ல குசினி. அடுப்பு இருந்தது, மேசை இருந்தது, கத்திகள் புதிதாக இருந்தன. இல்லாதவை இரண்டு. ஒன்று சாப்பாடு, மற்றது தண்ணீர். சாப்பாடு அறுபது அடி தள்ளிக் களஞ்சியத்தில் இருந்தது. தண்ணீர் என்று தனியாக ஒன்று இல்லை, பனியை அள்ளி வந்து உருக்க வேண்டும். சரி, வாசலில்தானே கிடக்கிறது என்று வாளியோடு கதவைத் திறந்தவரைப் பார்த்து ஒலிவியே ஓடி வந்தார். கொடிகளுக்குள் இருப்பதெல்லாம் ஆய்வுப் பனி. அளந்துகொண்டிருக்கிறார்கள். அதைத் தொடக்கூடாது. குடிக்கிற பனி நூறு அடிக்கு அப்பால், பாறைக்குப் பின்னால்.

அக்கா மூன்று சொக்ஸ் போட்டு, புருசனின் இரும்புச் சப்பாத்தைப் போட்டு, நோர்வேக்காரனின் சட்டையையும் அதற்கு மேல் விமான நிலைய மஞ்சளையும் போட்டுக்கொண்டு, வாளிகளைச் சறுக்கு வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு போனார். முதல் வாரத்திலேயே நோர்வேச் சட்டையின் சிப் போய்விட்டது. அதைக் கொண்டுபோய் களஞ்சியத்தில் உருளைக்கிழங்கைப் போர்த்திவிட்டார். மார்ச் கடைசிவரை ஒரு கிழங்கு உறையவில்லை, அந்த மட்டில் அது நல்ல சட்டை.

முகாம் வாழ்க்கையை அவர் பழகிக்கொண்டது வேகமாக. வெறும் பானையில் பனியைப் போட்டுச் சூடாக்கினால் தண்ணீர் கருகல் மணக்கும், அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத்தான் பனியைப் போட வேண்டும். எண்ணெய் கட்டியாகிவிடும். முட்டை போத்தல் போல வெடிக்கும். பற்றரிகளை எல்லாரும் படுக்கைப் பைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவார்கள், அக்கா பச்சை மிளகாயையும் வைத்துக்கொண்டார். இரண்டு வாரத்தில் இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது. ஆய்வாளர்கள் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வெளியே போனார்கள். கருவிகள் தாங்களாகவே அளந்து தாங்களாகவே கணினிக்கு அனுப்பிவிடும். அவற்றில் படிந்த பனிக்கட்டியைத் தட்டிவிடுவதுதான் இவர்களுக்கு வெளியே வேலை. மிச்ச நேரம் கைகட்டையான ரீசேட்டோடு குடிலுக்குள் இருந்து, வெளியே எவ்வளவு குளிர் என்று திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வகை ஆள் ஒரு நாளைக்குப் பதினாலு தடவை வெளியே போய் வந்தார்.

பெப்ரவரி முதல் வாரம் புயல் வந்தது. மூன்று நாள் நிற்கவில்லை. ஒரு கையால் கயிற்றைப் பிடித்து, மற்றக் கையால் வண்டியை இழுத்து, அக்கா அப்போதும் பனி அள்ளினார். மூன்றாம் நாள் திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றினால் வலது கால் பெருவிரல் மெழுகுதிரி போல வெள்ளையாக இருந்தது. கிள்ளினார், தெரியவில்லை. சப்பாத்தின் முன்பக்க இரும்பு குளிரை நேரே விரலுக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தது.

அடுப்புக்கு எண்ணெய் ஊற்ற வந்த பஸ்கால் அதைப் பார்த்தார். கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, சட்டையைத் தூக்கி, அக்காவின் காலை எடுத்துத் தன் கமக்கட்டுக்குள், கையிடுக்கின் சூட்டில், வைத்துக்கொண்டார். நெருப்பில் காட்டக்கூடாதாம், தேய்க்கவும் கூடாதாம்.

"அரை மணித்தியாலம் தம்பி" என்றார் அக்கா என்னிடம். "ஒரு வெள்ளைக்காரன்ரை கமக்கட்டுக்குள்ளை காலை வைச்சுக்கொண்டு இருந்தனான். பிறகு விரல் நெருப்பா எரிஞ்சுது, அழுதிட்டன். அந்தாள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதை அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

சொல்லவில்லை. எழுதத்தான் செய்கிறேன். ஏரம்பமூர்த்தி அண்ணை எதையும் வாசிப்பதில்லை, அவருக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும்.

விரல் தப்பியது. அன்றே அக்கா ஒலிவியேயிடம் போய், தன் பிரெஞ்சில், "சப்பாத்து கொடு. முப்பத்தாறு" என்றார்.

ஒலிவியே உண்மையிலேயே கவலைப்பட்டார். களஞ்சியத்தில் முதலாம் வகைச் சப்பாத்து இரண்டு சோடி மிச்சம் இருந்தது, இரண்டும் நாற்பத்து நாலு. ஹெலி அடுத்த முறை வரும்போது ஒரு சோடி அனுப்பும்படி பாரிசிலுள்ள தலைமையகத்துக்கு எழுதினார். நாலு நாள் கழித்து மின்னஞ்சலில் பதில் வந்தது. அந்தப் பதிலை நான் பல தடவை வாசித்திருக்கிறேன், இதுபோல ஒரு கடிதம் என் மேசைக்கு வந்ததில்லை. சமையற் பணியாளர் வெளிச்சூழலுக்கு உட்படுவதில்லை, ஆகவே வெளிச்சூழலுக்கான காலணி அவருக்கு அவசியமில்லை. அவருக்குக் குளிரால் காயம் ஏற்பட்டிருப்பின், அவர் வெளியே சென்றிருக்கிறார் என்று பொருள். அது கையேட்டின் முப்பத்தோராம் பக்கத்தை மீறும் செயல். இம்முறை நிறுவனம் இதைப் பொருட்படுத்தாது. விரைவில் நலம்பெற வாழ்த்துகள்.

அக்கா கையேட்டை எடுத்தார். முப்பத்தோராம் பக்கத்தை விரல் வைத்து வாசித்தார். விளங்காத சொற்களுக்குப் பஸ்காலைக் கேட்டார். 'சமையற் பணியாளர் எக்காரணம் கொண்டும் உள்வலயத்தை விட்டு வெளியேறக்கூடாது.' கீழே ஒரு படம், வெள்ளைத் தொப்பி போட்ட ஆளுக்கு மேல் சிவப்புக் கோடு. அவர் கோபப்படவில்லை. பதினாறு வருடம் கான்தினில் சுகாதாரப் பரிசோதகர்களோடு வாழ்ந்தவர் அவர். ஒரு காகிதம் எங்கே கடிக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஏழு மணி. எல்லாருக்கும் ஒவ்வொரு கோப்பைக் கோப்பி ஊற்றினார். தண்ணீர்த் தாங்கியை மூடினார். ஒலிவியே இரண்டாவது கோப்பைக்கு வந்தார்.

"தண்ணீர் முடிகிறது" என்றார் அக்கா.

"அப்படியா. எப்போது வரும்?"

"தெரியாது. அது வெளியே இருக்கிறது."

ஒலிவியே ஜன்னலால் பார்த்தார். இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை இருந்தது. அக்கா கையேட்டை விரித்து அவர் முன் வைத்தார்.

"வாசி."

வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனால் மடம், இவ்வளவு நாளும் நீங்கள்..."

"இவ்வளவு நாளும் பிழை செய்தேன். தலைமையகம் மன்னித்துவிட்டது. இனிச் செய்ய மாட்டேன். கொண்டு வா, சமைப்பேன்."

இதில் என்ன இருக்கிறது, நாங்கள் ஐந்து பேர் இருக்கிறோமே என்றார்கள் ஆய்வாளர்கள். கையேட்டின்படி முதலாம் வகை ஆள் தனியே வெளியே போக முடியாது, இரண்டு பேராகத்தான் போக வேண்டும். அங்கி போட்டு, கருவியைச் சோதித்து, புத்தகத்தில் நேரம் எழுதிக் கையெழுத்து வைக்க இருபத்தைந்து நிமிடம் பிடித்தது. இரண்டு பேர் போய் இரண்டு வாளி பனி கொண்டுவந்தார்கள். அக்கா பானையில் போட்டு உருக்கினார். அரை வாளி தண்ணீர் வந்தது. இரண்டு பேரும் பானைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் ஆறு வருடமாகப் பனியின் அடர்த்தியை அளக்கிறவர். கணக்கு அவருக்கு நன்றாகத் தெரியும், குடித்துத்தான் பழக்கமில்லை.

அடுத்த சோடி புத்திசாலிகள். பாறைவரை போகாமல் கொட்டகைக்குப் பின்னால் அள்ளி வந்தார்கள். அக்கா முகர்ந்து பார்த்தார். டீசல். வாளியை அப்படியே வாசலில் கவிழ்த்துவிட்டு, கான்தின் பழக்கத்தில், உணவுக்குத் தகுதியற்ற பொருள் திருப்பி அனுப்பப்பட்டது என்று திகதி போட்டு எழுதி, கொண்டுவந்தவரிடமே கையெழுத்து வாங்கினார். களஞ்சியத்திலிருந்து வெங்காயம் கேட்டதற்கு ஒரு பெட்டி பற்றரி வந்தது. பெட்டிகள் ஒரே நிறம். "பரவாயில்லை" என்று சொல்லி அக்கா அதைத் திறந்து, எல்லாருக்கும் தெரியும்படி மேசை நடுவில் வைத்தார். அன்று மத்தியானம் சார்டீன், விஸ்கோத்து, உலர்ந்த பிளம்ஸ்.

மூன்றாம் நாள் பாரிசிலிருந்து தொலைபேசி வந்தது. கருவிகள் பனியால் மூடிப்போய் இரண்டு நாளாக வரைபடம் வெறும் கோடாக வருகிறதே, என்ன நடக்கிறது என்று கேட்டார்கள்.

"தண்ணீர் அள்ளுகிறோம்" என்றார் ஒலிவியே.

"ஐந்து பேருமா? சமையல்காரர் எங்கே?"

"உள்ளே. நீங்கள் சொன்னபடி."

இதைப் பஸ்கால் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம்.

ஆய்வாளர்களில் இளையவள் எலோடி. அவள்தான் தராசைக் கொண்டுவந்து குசினியில் வைத்து, ஒரு நாள் முழுக்க வந்த பனியை நிறுத்தாள். ஏழு பேர் குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் நூற்றுப் பத்துக் கிலோ. முகாம் தொடங்கி நாலு வருடத்தில் பனியைப் பற்றி எடுக்காத அளவு அது ஒன்றுதான். அந்த எண்ணை அவள் பாரிசுக்கு அனுப்பினாள். கூடவே கமலராணி அக்காவின் விரலின் படத்தையும் அனுப்பினாள்.

தலைமையகம் யோசித்தது. மூன்றாம் வகைக்கு முதலாம் வகைச் சப்பாத்துக் கொடுக்க விதியை மாற்ற வேண்டும். விதியை மாற்றும் குழு ஜூன் மாதம்தான் கூடும். விதியை மாற்றுவதிலும் பார்க்க ஆளை மாற்றுவது சுகம் என்று கடைசியில் ஒருவருக்குத் தோன்றியது. கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில், நாளாந்தம் பனியைக் கையால் எடுத்து இடம் மாற்றுகிறவர் ஆய்வு உதவியாளர் என்று இருந்தது. இரண்டு நாளில் புது ஒப்பந்தம் வந்தது. கமலராணி அக்கா இப்போது 'பனி மாதிரி சேகரிப்பு உதவியாளர், சமையற் பொறுப்புடன்'. முதலாம் வகை.

ஹெலி வந்தது. பெட்டியில் சிவப்பு நிற இரட்டைச் சப்பாத்து. முப்பத்தாறு.

அக்கா அதை அன்று குசினியிலேயே போட்டுப் பார்த்தாராம். கம்பளி உள்சப்பாத்து காலைப் பிடித்துக்கொண்டது. நாடாவை இறுக்கிக் கட்டி எழும்பி நின்று, இரண்டு தரம் நிலத்தில் தட்டிப் பார்த்தார். இதை எனக்குச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறியது.

"இருபத்தைஞ்சு வருசமா இந்த நாட்டில நான் போட்ட ஏப்ரன் எல்லாம் ஆம்பிளையளின்ரை அளவு தம்பி. கையுறை பெரிசு, தொப்பி பெரிசு, அடுப்பும் உயரம், பெட்டி வைச்சு ஏறி நிண்டு சமைச்சனான். அந்தச் சப்பாத்துத்தான் எனக்கெண்டு என்ரை அளவில ஒருத்தன் தந்த முதல் சாமான்."

ஆய்வு உதவியாளர் ஆனதில் ஒரு இடைஞ்சலும் இருந்தது. திங்கட்கிழமை ஆய்வுக் கூட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும், அறிக்கையும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வரைபடம் காட்டி முடிந்ததும் அக்கா எழும்பினார். "வெளியே தொண்ணூற்றெட்டுத் தடவை. பாறைப் பக்கத்துப் பனி நல்லது. கயிற்றில் இரண்டாம் முடிச்சு தளர்ந்திருக்கிறது, கட்டு. களஞ்சியக் கதவைத் திறந்து விட்டவன் யார்?" ஐந்து முனைவர்களும் தரையைப் பார்த்தார்கள். இரண்டாம் கூட்டத்திலிருந்து எல்லாரும் அவருடைய அறிக்கையைத்தான் முதலில் கேட்டார்கள், அதில் மட்டும்தான் தங்களுடைய பெயர் வரக்கூடும் என்ற பயம்.

மார்ச் பன்னிரண்டாம் திகதி உருகிய தண்ணீர் பானையடியில் மஞ்சள் மண் படிந்திருந்தது. அக்கா துணியால் இரண்டு தரம் வடித்துவிட்டு, மண் நிற்கும்வரை ஒவ்வொரு நாளும் சமையல் கொப்பியில் எழுதி வைத்தார். கூட்டத்தில் சொன்னார், வடித்த துணியையும் காட்டினார். தூசியை அளக்கும் கருவி அந்தக் கிழமை பனிக்கட்டிக்குள் இருந்தபடியால் அதற்கு ஒன்றும் தெரியாது. பாலைவனத்து மண் காற்றோடு கடல் தாண்டி வந்து விழுந்ததாம். எந்த நாள் வந்தது, எத்தனை நாள் விழுந்தது என்பதற்கு முகாமில் இருந்த ஒரே சாட்சி சமையல் கொப்பி. எலோடி அந்தக் கொப்பியைப் படமெடுத்துக்கொண்டு போனாள்.

ஏப்ரலில் அக்கா இறங்கி வந்தார். முகம் கறுத்து, கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளுத்திருந்தது. லா சப்பலில் ஒரு வாரம் அவரைக் கூட்டிவைத்துக் கேட்டார்கள். கரடி கண்டீங்களோ, ஓநாய் வந்ததோ, ஒருத்தரும் சாகேல்லையோ. பனி அள்ளினேன், சமைத்தேன் என்றதும் கூட்டம் கலைந்துவிட்டது.

அடுத்த இலையுதிர் காலத்தில் ஒரு பெரிய கடித உறை வந்தது. எலோடி எழுதிய ஆய்வுக் கட்டுரை. ஆசிரியர் பெயர் ஆறில் கடைசிப் பெயர்: ஏரம்பமூர்த்தி க. பிரெஞ்சுப் பத்திரங்களில் அக்காவின் குடும்பப் பெயர் அதுதான்.

அண்ணை அதைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். முப்பது பிரதி எடுக்கச் சொன்னார். "பேரைப் பாத்தீரோ?" என்றார். "விஞ்ஞானப் புத்தகத்தில ஏரம்பமூர்த்தி எண்டு போட்டிருக்கிறாங்கள்."

"அது அக்காவெல்லோ அண்ணை."

"ஓம், க எண்டு போட்டிருக்கு. ஆனா பேர் ஆற்றை? என்ரையெல்லோ."

பிரதிகளை எடுத்துக் கொடுத்தேன். அவை லா சப்பலின் பாதிக் கடைகளில் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டப்பட்டன. தில்லையம்பலம் அண்ணை கட்டுரைக்குப் பக்கத்தில் ஒரு நீலச் சட்டையையும் தொங்கவிட்டார்.

நவம்பரில் இரண்டாம் பருவத்துக்கு ஒப்பந்தம் வந்தபோது அக்கா என்னிடம் முத்திரை வாங்க மட்டுமே வந்தார். "வாசிச்சுச் சொல்லட்டோ அக்கா?" என்றேன். "வேண்டாம் தம்பி, எண்பத்து நாலு பக்கமும் வாசிச்சிட்டன். இப்ப எண்பத்தாறு" என்றார். கூடிய இரண்டு பக்கமும் சமையற் பணியாளரின் காலணி பற்றியது. உறையை ஒட்டுமுன் முதல் பக்கத்தை எனக்குத் திருப்பிக் காட்டினார். பெயர் எழுதும் இடத்தில் பெரிய எழுத்தில் கமலராணி என்று மட்டும் எழுதியிருந்தார். அதை ஏற்பார்களோ தெரியாது என்றேன். "ஏற்காட்டி, அதுக்கும் ஒரு பக்கம் இருக்கும், பார்ப்பம்" என்றார்.

டிசம்பரில் ஊர்ச் சங்கம் ஒரு கருத்தரங்கு வைத்தது. தலைப்பு 'பனிப்பிரதேச வாழ்வும் எம்மவர் பங்களிப்பும்'. பேச்சாளர் ஏரம்பமூர்த்தி அண்ணை. முக்கால் மணி நேரம் பேசினார். காற்றின் வேகம், ஒட்சிசன், இறகு அங்கியின் நுட்பம், ருவாசியின் மைனஸ் ஒன்பது எல்லாம் வந்தது. சபையில் இருந்து கேள்வி கேட்கலாம் என்றதும், பின்வரிசையில் ஒரு பெண் எழும்பி, "அங்கை குடிக்கிற தண்ணிக்கு என்ன செய்யிறவை?" என்று கேட்டார்.

"நல்ல கேள்வி" என்றார் அண்ணை. "ஆனா பாருங்கோ, அங்கை தண்ணிக்கு ஒரு குறையுமில்லை. சுத்திவர முழுக்கப் பனிதானே. கையை நீட்டினால் தண்ணி."

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் திரும்பி மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். கமலராணி அக்கா கைப்பையைத் திறந்து, ஜனவரி ஐந்தாம் திகதி ரயில் டிக்கெட்டில் நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.